வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஆசிரியர் தனக்கென்று வைக்கும் இலக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருகோணமலை நகரத்தில் வீடு, கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் பாடசாலை. காலையில் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் 9, 10, 11ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வாண்மை விருத்தி அமர்வு நடக்கும் நாள்களில் "வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கு உங்கள் தனிப்பட்ட இலக்கு என்ன?" என்று ஒரு படிவம் கைக்கு வரும். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்று எட்டிப் பார்ப்போம். அப்படி எட்டிப் பார்த்தவர்கள் தேத்தண்ணி வேளையிலும் பஸ்ஸிலும் என்னிடம் கேட்டவையும், நான் சொன்னவையும் இவை.

பாடத்திட்டம் இருக்கிறது, ஆசிரியர் வழிகாட்டியும் இருக்கிறது. தனியாக ஒரு இலக்கு எதற்கு?

வழிகாட்டி மகரகமவில், தேசிய கல்வி நிறுவகத்தில், நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவது. உங்கள் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் நான்கு பேர் எந்த இடத்தில் தடக்குப்படுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்காக எழுதுவதுதான் தனிப்பட்ட இலக்கு. மேற்பார்வைக் கோப்புக்காக எழுதுவதும் தேவைதான், எழுதிக் கொடுங்கள். ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எந்த மென்பொருள் நல்லது?

இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பதுதான் நாங்கள் எல்லாரும் விடும் பிழை. நானும் விட்டேன். சில வருடங்களுக்கு முன் "கிழமைக்கு மூன்று பாடவேளை மல்டிமீடியாவில் படிப்பிப்பேன்" என்று எழுதிக் கொடுத்தேன். பாடவேளை 40 நிமிடம். மல்டிமீடியா, அதாவது படத்தைச் சுவரில் விழுத்தும் புரொஜெக்டர், இருப்பது அலுமாரிக்குள். திறப்பு ஒருவரிடம், வயர் இன்னொருவரிடம். எடுத்து வந்து, பூட்டி, யன்னலுக்குத் துணி கட்டி, படம் நேராக விழுவதற்குள் கால்மணித்தியாலம் போய்விடும். மிச்ச நேரத்தில் பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். தவணைப் பரீட்சையில் ஒன்றும் மாறவில்லை. எழுதிக் கொடுத்த இலக்கை நான் முழுதாக நிறைவேற்றியிருந்தேன் என்பதுதான் இதில் பகிடி.

இப்போது நான் தொடங்குவது விடைத்தாளில். திருத்தும்போது பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் வைத்து, எந்த வினாவில் அதிகம் பேர் பிழை விட்டார்கள், அது என்ன மாதிரிப் பிழை என்று கோடு போட்டு வருவேன். மின் அலகில் வருடாவருடம் ஒரே பிழை வரும். ஒரு மின்கலம், தொடராக இரண்டு மின்குமிழ். "முதலாவது குமிழ் மின்னோட்டத்தைச் செலவழித்துவிடும், ஆகவே இரண்டாவது மங்கலாக எரியும்" என்று எழுதுவார்கள். தொடர்ச் சுற்றில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் சமம் என்று நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த வரியையும் அதே பிள்ளை அதே தாளில் எழுதியிருக்கும். இரண்டும் ஒரு தலைக்குள் சண்டை பிடிக்காமல் குடியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளை மனதில் பிழையாகப் படம் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே கரும்பலகைக்கு ஒரு எல்லை உண்டு. அசையும் படம் உதவக்கூடும். மென்பொருள் எது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரவேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் மின்சுற்றுக் கட்டுகிற உருவகம் (சிமியுலேஷன்) ஒன்று இலவசமாக இருக்கிறது. கலம், குமிழ், ஆளி, கம்பி என்று இழுத்து வைத்துப் பூட்டலாம். கம்பிக்குள் இலத்திரன்கள் நகர்வது தெரியும். முதலாவது குமிழுக்கு முன்னும் பின்னும் அவை ஒரே கதியில் போகின்றன. அம்பியர்மானியை இரண்டு இடத்திலும் வைத்துக் காட்டலாம்.

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். ஓட விடுவதற்கு முன் "இரண்டாவது குமிழ் எப்படி எரியும்?" என்று கேட்டு, விடையைக் கொப்பியில் எழுத வையுங்கள். எழுதாமல் பார்த்த வகுப்பு "ஓ" என்றுவிட்டு மறந்துபோனது. எழுதிவிட்டுப் பார்த்த வகுப்பு என்னோடு தர்க்கம் பண்ணியது. "சேர், கம்பியூட்டர் பொய் சொல்லுது" என்று ஒருவன் எழும்பி நின்றான். அடுத்த நாள் உண்மையான குமிழ்கள் இரண்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டி வந்தது. அந்த அலகில் எனக்கு நடந்த மிக நல்ல பாடம் அதுதான்.

எழுதும்போது எப்படி எழுதுவது?

"ஐ.சி.ரி.யைக் கூடுதலாகப் பயன்படுத்துவேன்" என்பது இலக்கு அல்ல, நேர்த்தி. என்னுடையது இப்படி இருந்தது:

"மின் அலகின் முதல் நான்கு பாடவேளைகளில் இரண்டில், என் லாப்டொப்பில் மின்சுற்று உருவகத்தைக் காட்டுவேன். காட்ட முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் எதிர்வுகூறலைக் கொப்பியில் எழுதும். இரண்டு கிழமை கழித்து மூன்று வினாக்கள் உள்ள ஒரு துண்டு கொடுப்பேன். மின்னோட்டம் செலவாகிறது என்று எழுதுவோர் வகுப்பில் கால்வாசிக்குக் கீழே இருக்க வேண்டும்."

எந்தப் பாடம், எந்தக் கருவி, பிள்ளை என்ன செய்யும், எப்போது பார்ப்பேன். அவ்வளவுதான். படிவங்களில் "ஸ்மார்ட் இலக்கு" என்று S, M, A, R, T என்ற ஐந்து ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றும் நல்ல இலக்குக்கு ஒரு குணம். 1981இல் ஜோர்ஜ் டொரன் என்பவர் கம்பனி முகாமையாளர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது அது. இப்போது அதில் நடு எழுத்தை "அடையக்கூடியது" என்று விளக்குகிறார்கள். டொரன் எழுதியது வேறு: அந்த வேலை யாருடைய பொறுப்பு என்பது. எங்கள் பாடசாலைகளுக்கு அவருடைய பழைய அர்த்தம்தான் பொருந்துகிறது. அலுமாரித் திறப்பு யாரிடம், அந்த நேரம் அவர் எந்த வகுப்பில் என்று தெரியாமல் எழுதிய இலக்கு முதல் கிழமையிலேயே விழுந்துவிடும்.

ஒரு தவணைக்கு எத்தனை இலக்கு வைக்கலாம்?

ஒன்று. விளையாட்டுப் போட்டி உள்ள தவணையென்றால் அரை.

எங்கள் பாடசாலையில் கணினி அறை இல்லை. பிள்ளைகள் போன் கொண்டுவரவும் விடுவதில்லை. என்ன செய்ய?

உங்களிடம் ஒரு போன் இருக்கிறதுதானே. முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு அது தாராளம்.

பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஒரு வடிவம், ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வடிவம். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். வினாவைக் கரும்பலகையில் எழுதினால், பிள்ளை தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி அட்டையைப் பிடிக்கும். நீங்கள் போன் கமராவை வகுப்புக்கு மேலாக ஒருமுறை மெதுவாகத் திருப்பினால், யார் எந்த விடை சொன்னார் என்று திரையில் வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் கொப்பியடிக்கவும் முடியாது, ஏனென்றால் வடிவங்கள் வேறு வேறு. கையே உயர்த்தாத பிள்ளைகளின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு முதல்முதலாகத் தெரிந்தது இந்த அட்டைகளால்தான். அட்டையைப் பளபளப்பாக லமினேட் செய்யாதீர்கள். யன்னல் வெளிச்சம் பட்டால் கமராவால் வாசிக்க முடியாது. மட்டையில் ஒட்டினால் ஒரு வருடம் தாங்கும்.

போன் கமராவின் ஸ்லோ மோஷனும் ஒரு ஆய்வுகூட உபகரணந்தான். ஊசல் ஆடுவதையும் பந்து துள்ளுவதையும் எடுத்து, போனைக் குழுவுக்குக் குழு கொடுத்துப் பார்க்க வைக்கலாம். பெரிய திரை தேவையில்லை. சொல்லப்போனால் ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு ஒரு சின்னத் திரையைப் பார்க்கும்போது அதிகம் கதைக்கிறார்கள்.

கரண்ட் போனால்? நெட் இல்லாவிட்டால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாள்களைக் கண்டவர்கள் நாங்கள். ஆகவே எந்தப் பாடத்துக்கும் "சோக்கட்டித் திட்டம்" ஒன்று பாடக்குறிப்பின் கீழே இரண்டு வரியில் இருக்க வேண்டும். கரண்ட் இருக்கும் என்று நம்பியிருக்கும் இலக்கைக் கார்த்திகை, மார்கழி மழைக்கு வைக்காதீர்கள்.

நெட்டைப் பொறுத்தவரை, இறக்கி வைப்பது ஒரு பழக்கம். ஃபெட் உருவகங்கள் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கினால் நெட் இல்லாமலே ஓடும். பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பி.டி.எஃப் ஆக இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ் மொழிமூலப் பாடங்கள் உண்டு. வீட்டில் இறக்கி, பென் ட்ரைவில் அலகு அலகாகப் போட்டு வைத்தால் காலையில் பதற்றம் இல்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. கடற்கரையை ஒட்டிய பாடசாலைகளில் யன்னலோரம் வைத்த கணினி உள்ளுக்குள் கறள் பிடிக்கும். துணி போட்டு மூடி வைத்துப் பாதுகாப்பதாக நினைக்கிறோம். பாவிக்காமல் மூடி வைத்ததுதான் முதலில் பழுதாகிறது.

நான் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுப்பினால் புரியாத எழுத்தாகத் தெரிகிறதாமே?

காரணம் பாமினி எழுத்துரு. இலங்கையில் தமிழ் ஆசிரியர்களில் பாதிப் பேரின் தொழில்நுட்ப இலக்கு அதை விடுவதாகவே இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்து உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் கோப்பில் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வேஷம் கலைந்து உள்ளே இருப்பது வெளியே வரும். தேடினால் கிடைக்காது, மொழிபெயர்க்காது, கண்பார்வை குறைந்த பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது தமிழாகப் படாது. யுனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் கொம்பு, கால் போன்ற குறிகளுக்கும் தமக்கென்று எண்கள் உண்டு. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும்.

விசைப்பலகைப் பழக்கத்தை மாற்ற வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். இலங்கையில் தரமாக வைத்திருக்கும் ரெங்கநாதன் விசைப்பலகை, பாமினியில் விரல் பழகியவர்களுக்குப் பெரிய அந்நியம் அல்ல. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பின் கொம்பு, கால், பின்னக்கோடு எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். நான் ஒருமுறை சரிபார்க்காமல் விட்டு, "கொள்கை" என்பது வேறு ஏதோவாகி வகுப்பே சிரித்தது.

இலக்காக எழுதுவதென்றால்: "இந்தத் தவணையிலிருந்து புதிய வினாத்தாள் எதையும் பாமினியில் அடிக்க மாட்டேன்." பழையதைத் தொடாதீர்கள். பழையதையும் சேர்த்து மாற்றப் புறப்பட்டவர்கள் பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 54 வயது. 60இல் ஓய்வு. இனி எதற்கு?

எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் மூத்த ரீச்சர் ஒருவர் இதையேதான் கேட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் தட்டச்சு வராது. போனில் கூகுள் குரல்வழித் தட்டச்சில் "தமிழ் (இலங்கை)" என்று ஒரு தெரிவு இருப்பதைக் காட்டினேன். முதல் நாள் ஒரு செய்யுளைச் சொல்லி, அது எழுதியதைப் பார்த்து, "இதுக்கு ஒற்றுப்பிழை அதிகம், நான் திருத்தவேணும்" என்றார். இப்போது கட்டுரைத் தலைப்புகளையும் மாதிரிப் பந்திகளையும் அப்படித்தான் தயாரிக்கிறார். போனின் ஒற்றுப்பிழைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்த வைக்கிறார். அந்த யோசனை எனக்கு வரவில்லை, அவருக்குத்தான் வந்தது. 30 வருடம் படிப்பித்தவருக்குப் பிள்ளை எங்கே பிழை விடும் என்பது தெரியும். கருவியைப் பழக ஒரு கிழமை போதும். பிள்ளையின் பிழையை அறியப் பழக 30 வருடம் வேண்டும்.

யூடியூப் பாடங்களையும் செயற்கை நுண்ணறிவையும் நம்பலாமா?

பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: கலைச்சொல்.

நல்ல தமிழ் விஞ்ஞானக் காணொளிகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. நாங்கள் "கதி" என்பதை அங்கே "வேகம்" என்பார்கள். நாங்கள் "வேகம்" என்பது அங்கே "திசைவேகம்". ஆர்முடுகல் அங்கே முடுக்கம், சக்தி அங்கே ஆற்றல், வலு அங்கே திறன். இரண்டும் நல்ல தமிழ்தான். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் காணொளியில் "வேகம்" என்று கேட்டுவிட்டு வரும் பிள்ளை, ஓ.எல். வினாத்தாளில் வேகம் என்ற சொல்லைக் கண்டால் திசையை மறந்துவிட்டுக் கணக்கைச் செய்யும். விளங்கிப் படித்தும் புள்ளி போகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் தமிழில் வினா தயாரிக்கச் சொன்னாலும் இதே கலவைதான் எனக்குக் கிடைக்கிறது. ஒரே வினாவில் முடுக்கமும் ஆர்முடுகலும் கைகோத்து நிற்கும். விடையும் சில வேளை பிழை, அதுவும் மிக நம்பிக்கையான குரலில். நான் அதை வைத்திருப்பது பிழையான தெரிவுகள் தயாரிக்க: "இந்தப் பல்தேர்வு வினாவுக்குப் பிள்ளைகள் ஏமாறக்கூடிய மூன்று விடை தா" என்றால் குறைந்தது இரண்டு உருப்படியாக இருக்கும். ஒவ்வொன்றையும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

இதிலிருந்து ஒரு நல்ல இலக்கும் எடுக்கலாம். பிள்ளைகள் காணொளியைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிரல் போட்டு, அங்குள்ள சொல்லையும் எங்கள் சொல்லையும் எழுதி வரட்டும். பார்ப்பது கேட்பதாக மாறும்.

அமர்வுகளில் சொல்லும் மாதிரிகள், சட்டகங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் வகுப்பு நின்றுவிடாது. ருபென் புவென்டெதுராவின் "சமர்" மாதிரி நான்கு படி சொல்கிறது: பழையதற்குப் பதிலாக வைப்பது, சற்று மேம்படுத்துவது, வேலையையே மாற்றுவது, முன்பு முடியாததைச் செய்வது. (தமிழில் சமர் என்றால் போர். சில நாள்களில் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) நான் பாடப்புத்தகப் படத்தைச் சுவரில் காட்டியது முதல் படி. புவியியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தைக் கூகுள் எர்த்தின் காலவோட்டத்தில் 1984 முதல் ஓட விட்டு, ஆற்றுமுகத்து மணல் எப்படி இடம் மாறுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டார். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் தங்கள் அப்பாவின் தோணித்துறை எங்கே இருந்தது என்று தேடினார்கள். அது கடைசிப் படி.

ஆனால் மேலே ஏறுவதே நோக்கம் என்று எடுக்க வேண்டாம். பாமினியை விட்டு யுனிகோட்டுக்கு வருவது வெறும் முதல் படிதான். எனக்கு அது தந்த பலன் அதிகம். யுனெஸ்கோ ஆசிரியர்களுக்கென்று வைத்திருக்கும் தொழில்நுட்பத் தேர்ச்சிச் சட்டகத்தின் 2018 பதிப்பில் 18 தேர்ச்சிகள் இருக்கின்றன. இலக்குக்கு யோசனை ஒன்றும் வராத வருடம் அதைப் புரட்டிப் பார்க்கலாம். அதே யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பத்தின் பலனுக்கு நல்ல, பக்கச்சார்பற்ற சான்றுகள் குறைவு என்று எச்சரிக்கிறது. விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வகுப்புக்கு வட்ஸ்அப் குழு தொடங்குவதை இலக்காக வைக்கலாமா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அது அம்மாவின் போன், அப்பாவின் டேட்டா என்பதை மறக்க வேண்டாம். இரவு 8 மணிக்குப் பிறகு ஒன்றும் அனுப்புவதில்லை என்று எனக்கொரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். புள்ளிகளைக் குழுவில் போடுவதில்லை. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் பகிர்வதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், தன் 23 புள்ளியை முப்பது வீட்டுக்காரர் பார்த்த பிள்ளை அடுத்த நாள் வகுப்புக்கு வருவதை யோசித்துப் பாருங்கள்.

இலக்கு பலித்ததா என்று எப்படித் தெரியும்? பலிக்காவிட்டால்?

"பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள்" என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். புதுச் சாமான் எதற்கும் ஆர்வமாகத்தான் இருப்பார்கள். நான் செய்வது, தொடங்க முன் மூன்று வினா, முடிந்து இரண்டு கிழமை கழித்து மூன்று வினா. அதே வினா அல்ல. படத்தையும் எண்களையும் மாற்றிய வினா. முடிந்த அன்றே கேட்டால் எல்லாருக்கும் சரியாக வரும், அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இணை வகுப்பு ஒன்றை வேறு ஆசிரியர் படிப்பித்தால், அவரிடம் கேட்டு அங்கேயும் கொடுத்துப் பாருங்கள். ஒருமுறை அவருடைய வகுப்பு கணினியே இல்லாமல் என் வகுப்பை விட நன்றாகச் செய்திருந்தது. அவரிடம் போய் எப்படிப் படிப்பித்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீர்க் குழாயை உதாரணம் காட்டினாராம்.

பலிக்காத இலக்கை விட்டுவிடலாம். "கைவிட்டேன், காரணம் இது" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நான் மூன்று வருடத்தில் கைவிட்டவை நான்கு.

இப்போது உங்கள் இலக்கு என்ன?

மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் சில பிள்ளைகள் ஒரு கிழமை, இரண்டு கிழமை வருவதில்லை. தோணி இழுக்க அப்பாவோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காணொளி அனுப்பினால் டேட்டா தாங்காது. ஆகவே விட்டுப்போன ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நிமிடக் குரல்பதிவு ஒன்றும், கொப்பிப் பக்கத்தின் ஒரு படமும். இந்தத் தவணையில் பத்துப் பாடத்துக்கு. திரும்பி வரும் பிள்ளை முதல் நாளே மூன்று வினாத் துண்டில் இரண்டையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

இதுவரை நான்கு பதிவு முடிந்திருக்கிறது. முதலாவதில் பக்கத்து வீட்டுச் சேவல் என்னை விடச் சத்தமாகக் கூவுகிறது. அழித்துவிட்டுத் திரும்பப் பதிய வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு பிள்ளையிடமிருந்து பதில் வந்துவிட்டது: "சேர், சேவல் கூவுற இடத்தில ஆர்முடுகலுக்கு என்ன சொன்னீங்க, கேக்கேல்ல."